பிங்க் ஃபிளாய்டு எனக்கும் பிடிபடவில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், மதிய உணவுக்கு உங்களோடு வரும் ஐந்தாறு பேரும் பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்டு, யூ2, ஒயாசிஸ், கோல்ட்பிளே என்று ராக் இசைக்குழுக்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் சொன்ன பாடல்களை மூன்று வாரமாகப் பொங்கோலிலிருந்து பெருவிரைவு ரயிலில் வரும்போதெல்லாம் கேட்டும் ஒன்றும் மனத்தில் ஒட்டவில்லை. உலகமே கொண்டாடுவது எனக்கு மட்டும் ஏன் புரியவில்லை, என் காதில்தான் குறையா, பிடித்திருப்பதாகச் சொல்லிவிடலாமா, அடுத்த மாதக் கச்சேரிக்கு நண்பர் எடுத்துத் தருவதாகச் சொல்லும் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) டிக்கெட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2001-இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன். இதே கேள்வி எனக்கும் இருந்தது. யாரிடமும் கேட்கத் துணியாமல், பிடித்திருப்பதாகவே ஓராண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் அலுவலகம் தஞ்சோங் பகாரில் இருந்தது. உணவங்காடி நிலையத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் பாட்டுக்கு வந்துவிடும். குழுக்களின் பெயர்களையும், எந்த இசைத்தொகுப்பு (ஆல்பம்) எந்த ஆண்டில் வந்தது என்பதையும் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்து வைத்துக்கொண்டு, தக்க இடத்தில் தலையாட்டுவேன். அந்த மேசையில் ஒரு மூத்த சீன நண்பர் இருந்தார். பிங்க் ஃபிளாய்டு என்றால் அவருக்கு உயிர். என் தலையாட்டலை நம்பி, அந்தக் குழு 1973-இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' குறுந்தட்டை ஒருநாள் எனக்காகவே வாங்கி வந்து கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, அதில் உனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று ஆவலோடு கேட்டார். நான் அதை முழுமையாக ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. ஒரு மனிதர் தமக்கு அருமையான ஒன்றை நம்பிக் கையில் கொடுத்திருக்கிறார், பதிலுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது பொய் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பாடல்கள் தமக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று சொன்னார். 1970-களில் இங்கே ஆண்கள் முடி வளர்ப்பது ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகக் கருதப்பட்டது. நீண்ட முடி உள்ள ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டியிருந்த காலம் அது. 1972-இல் 'லெட் செப்பலின்' என்ற பிரிட்டிஷ் ராக் குழு இங்கே நிகழ்ச்சி நடத்த வந்தபோது முடியின் நீளத்தைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டுத் திரும்பிப் போயிற்று. அப்போது அவருக்கு வயது பதினாறு. இரண்டு ஆண்டு கழித்துத் தலையை ஒட்ட வழித்துக்கொண்டு, இங்கே இளைஞர்களுக்குக் கட்டாயமான ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போனார். முகாமில் இரவு விளக்கணைத்த பிறகு, பக்கத்துக் கட்டில்காரர் கொண்டுவந்திருந்த ஒலிநாடாவில் அந்தத் தொகுப்பை மிக மெல்லிய ஒலியில் வைத்துக் கேட்டார்கள். ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டுவிட்ட தம் வாழ்க்கையில், யாரும் தமக்காகத் தீர்மானிக்காத ஒரே பொருளாக அந்த இசை இருந்தது என்று அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தது வெறும் பாட்டு, அவர் கேட்டுக்கொண்டிருந்தது தம்முடைய பதினெட்டு வயது. இந்த வேறுபாட்டை எந்தக் காதாலும் மூன்று வாரத்தில் ஈடுகட்ட முடியாது, தம்பி.

பிறகு அவர், உனக்குப் பிடித்ததைக் கொடு, நான் கேட்கிறேன் என்றார். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைப் பதிந்து கொடுத்தேன். ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்து, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் மிக அருமையாக இருக்கிறது, ஆனால் பாட்டு ஏன் ஓரிடத்தில் தங்கவே மாட்டேன் என்கிறது என்று கேட்டார். வயலின்கள் ஒரு பக்கம் போகின்றன, அதில் மனம் நிலைக்கும் முன் புல்லாங்குழல் வேறொரு பக்கம் இழுக்கிறது, மீண்டும் பாடுகிறவர் வந்துவிடுகிறார், தமக்கு மூச்சுவிட இடம் கிடைக்கவில்லை என்றார். எந்த இடையிசைக்காக நான் அந்தப் பாடல்களை நேசிக்கிறேனோ அதுவே அவருக்குத் தடையாக இருந்தது. அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நாம் எதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம் என்று யோசிக்கத் தொடங்கினேன். நமக்குப் பாட்டு என்றால் முதலில் மெட்டு, அடுத்து அந்த மெட்டில் உட்கார்ந்திருக்கும் சொல். குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவாமல் வளைந்தும் அசைந்தும் போக வேண்டும். சரணத்தில் ஒரு நல்ல வரி வந்தால் அங்கேயே மனம் நின்றுவிடும். ராக் இசையில் பெரும்பாலும் மெட்டு எளிமையாக இருக்கும், சொல் பாதி விழுங்கப்பட்டிருக்கும், பொருள் வேறெங்கோ இருக்கும். தாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒன்றிலும் ஐந்திலும் ஏழிலும் தட்டுகிறோம், முதல் தட்டில்தான் நம் உடம்பு வந்து இளைப்பாறுகிறது. ராக்கில் நான்கு எண்ணிக்கையின் இரண்டாவதிலும் நான்காவதிலும் டிரம்மின் அடி ஓங்கி விழும், நாம் இளைப்பாற நினைக்கும் இடத்தில் அது நம்மைத் தள்ளிவிடும். அந்தத் தள்ளலை விரும்புகிறவருக்கு அது ஆட்டம், பழக்கமில்லாதவருக்கு வெறும் இடி.

கிட்டாரின் கரகரப்பும் அப்படித்தான். ஒலிபெருக்கி தாங்கக்கூடிய அளவைத் தாண்டி ஒலியைச் செலுத்தி வேண்டுமென்றே உருவாக்கும் சிதைவு அது. 1964-இல் 'கிங்க்ஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவரத் தகடால் கிழித்து அந்த ஒலியை வரவழைத்தார். சுருதி சுத்தத்தையே தெய்வமாகக் கருதும் மரபில் வளர்ந்த நமக்கு, ஒருவர் கருவியைக் கிழித்துவிட்டு அதைக் கலை என்று சொல்வது எளிதில் விளங்காது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் குரலும் கிட்டாரும் கரகரத்தே வலியைச் சொல்லிவந்தன, அதைக் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ் இளைஞர்கள்தாம் இந்தக் குழுக்களை அமைத்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் கரகரப்பின் மேல் மரியாதை வந்தது. மரியாதைதான் வந்தது. விருப்பம் வரவில்லை, அதற்காக இப்போது நான் வருந்துவதுமில்லை.

நீங்கள் கேட்ட முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறந்த பாடல்கள் என்று யாரோ தொகுத்த பட்டியலைக் கலைத்துப்போட்டு, நெரிசலில் நின்றபடி கேட்டிருக்கிறீர்கள். பிங்க் ஃபிளாய்டின் அந்தத் தொகுப்பில் ஒரு பாடல் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியாமல் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அதைத் துண்டுதுண்டாகக் கேட்பது, ஆலாபனையை வெட்டிவிட்டுத் தனியாவர்த்தனத்தில் ஒரு நிமிடத்தை மட்டும் கேட்பது போன்றது. அதிகம் விற்கும் தொகுப்புகளை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 700 வாரங்களுக்கும் மேல் இடம்பெற்ற தொகுப்பு அது. அத்தனை பேரும் ஏமாந்தவர்களாக இருக்க முடியாது என்று எண்ணி, குறுந்தட்டு கிடைத்த மறு ஆண்டு, ஒரு ஞாயிறு மாலை விளக்கை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டேன். அமைப்பின் நேர்த்தி விளங்கியது. மீண்டும் கேட்கத் தோன்றவில்லை.

உலகமே கொண்டாடுகிறது என்ற சொல்லையும் சற்று நிதானமாகப் பாருங்கள். ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழ் 2003-இல் வெளியிட்ட 500 சிறந்த தொகுப்புகளின் வரிசையில் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' முதலிடத்தில் இருந்தது. 2020-இல் வேறு பலரையும் கேட்டு அதே இதழ் அந்த வரிசையைத் திருத்தியபோது அது 24-ஆம் இடத்துக்குப் போய், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மார்வின் கேயின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. இசை மாறவில்லை, கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ஒருவரையும் எவரும் கேட்டதில்லை. ஒயாசிஸ் குழுவின் பாடல்கள் தொண்ணூறுகளில் இங்கிலாந்தில் இளைஞராக இருந்தவர்களை எப்படி உலுக்கின என்று படித்திருக்கிறேன், நம்புகிறேன். ஆனால் என்னிடம் அவை பேசவில்லை. யூ2 குழுவைப் பற்றியும் இதைத்தான் சொல்வேன்.

பெரிய கச்சேரி ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன். 2024 ஜனவரியில் கோல்ட்பிளே குழு காலாங் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடியபோது மகள் அழைத்துப் போனாள். எல்லார் கையிலும் கட்டியிருந்த ஒளிப்பட்டைகள் ஒரே நேரத்தில் நிறம் மாறின. அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே குரலில் பாடியது. பாடல்கள் எனக்கு மிகவும் தட்டையாகவே இருந்தன. ஆனால் மகள் கண்ணில் நீர் வழியப் பாடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் படிக்கும் தொடக்கக் கல்லூரி நாள்களின் இசை. வீடு திரும்பும் வழியில், அப்பா, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும், ஆனாலும் வந்தீர்களே என்றாள். எனக்கு அந்த இரவு அவளுக்காகத்தான் நினைவில் இருக்கிறது.

ஆகவே பிடித்திருப்பதாகச் சொல்லாதீர்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை, நீங்கள் இதை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள் என்று கேளுங்கள். இந்த ஊரில் ஐம்பதைக் கடந்த எவரிடமும் இதற்கு ஒரு கதை இருக்கும். 1961-இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷேடோஸ் குழுவும் இங்கே வந்து போன பிறகு கிட்டார்க் குழுக்கள் பெருகியதையும், 'தி குவெஸ்ட்ஸ்' என்ற உள்ளூர்க் குழு உருவானதையும் தாய் தந்தையர் சொல்லக் கேட்டவர்கள் இருப்பார்கள். அதே வேளையில், இதெல்லாம் வெறும் இரைச்சல், எங்கள் இசைக்கு ஈடாகுமா என்று சொல்லிவிடவும் வேண்டாம். நம்மவர் ஒருவர் அப்படிச் சொன்ன மேசையில் நானும் இருந்தேன். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் பாட்டைப் பற்றிப் பேசவேயில்லை, அவருடைய பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை. வேலையில் இதனால் பாதிப்பு வருமா என்ற உங்கள் அச்சத்துக்கு இடமில்லை.

ஒரே ஒரு பாடலை மட்டும் சிபாரிசு செய்கிறேன். பீட்டில்ஸ் 1969-இல் வெளியிட்ட 'சம்திங்', ரவிசங்கரிடம் சித்தார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது. குரலை விட்டுவிட்டு, அடியில் பால் மெக்கார்ட்னி வாசிக்கும் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். இளையராஜாவின் பாடல்களில் பேஸைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இருக்காது. எனக்கு இந்த இசையில் திறந்த ஒரே கதவு அதுதான். அதுவும் திறக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

டிக்கெட்டை இப்போது வாங்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் முதல் ஆண்டில் 300 வெள்ளி பெரிய தொகை. எஸ்பிளனேட் கலையரங்கின் நீரோரத் திறந்தவெளி அரங்கில் வார இறுதி மாலைகளில் இலவசமாகவே நிகழ்ச்சிகள் நடக்கும். உள்ளூர்க் குழுக்கள் கிட்டாரோடு மேடையேறும் நாளாகப் பார்த்து, அந்த நண்பரையே அழைத்துக்கொண்டு போய்ப் படியில் உட்காருங்கள். வியாழக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லி, அந்தச் சனிக்கிழமைக்கு அவரை அழையுங்கள்.