மூன்றாவது குண்டு பாதியில் நிற்கிறதா?

குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் உங்கள் துப்பாக்கியில், மூன்றாவது குண்டைத் திணிக்கும்போது அது குழலில் பாதியிலேயே நின்றுவிடுகிறது, பிளாஸ்டிக் உறை போட்ட குண்டுகள் இலக்கில் சிதறுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். முதலில், நின்ற குண்டைச் சுட்டுத் தள்ளவே வேண்டாம். வெடிமருந்துக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை (percussion cap) எடுத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வெளியே தள்ளும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

காரணம் பெரும்பாலும் மருந்து எரிந்து குழலில் படியும் கரிதான். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று குழலுக்குள் விட்டு எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

உங்கள் .50 அங்குலக் குழலின் மரை, அதாவது குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உறைக் குண்டுகளுக்கு 28 அங்குலச் சுற்றுதான் தோதாக இருக்கும். உங்களுடையதில் .490 அங்குல உருண்டைக் குண்டை எண்ணெய்த் துணி சுற்றிப் போட்டுப் பாருங்கள். துணி 0.015 அங்குலத் தடிமன் இருக்கட்டும். சுட்ட துணியைத் தேடி எடுத்துப் பாருங்கள்: ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் சரி, நடுவில் கிழிந்திருந்தால் இன்னும் தடித்த துணி வேண்டும்.

அப்புறம் குண்டைத் திணிக்கும் அந்த மரக்கோலை மாற்றிவிடுங்கள். முறிந்தால் கையைக் குத்திவிடும். ஃபைபர்கிளாஸ் கோல் வாங்கி, குண்டு மருந்தின் மேல் சரியாக உட்காரும் இடத்தில் அதில் ஒரு கோடு போட்டு வையுங்கள். எனக்கு எல்லாக் கருவியையும்விட அந்தக் கோடுதான் முக்கியம்.