கோகோல்: சிரிப்பு எங்கே தொலைந்தது? – கேள்வி பதில்

கே: 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் கோகோலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ நகைச்சுவை நாவல் என்கிறார்கள். தலைப்பு பேய்க்கதை மாதிரி இருக்கிறதே?

ப: பேய் கிடையாது, கணக்குதான். அன்றைய ரஷ்யாவில் பண்ணையடிமைகளை ‘ஆன்மா’ என்றுதான் எண்ணுவார்கள். ஆண் அடிமை ஒவ்வொருவருக்கும் தலைவரி உண்டு. ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒருவன் செத்துப்போனாலும் பட்டியலில் பெயர் இருக்கும், வரியும் நிற்காது. சிச்சிக்கோவ் என்ற ஆசாமி பண்ணை பண்ணையாகப் போய் இந்தச் செத்தவர்களை விலைக்குக் கேட்கிறான். காகிதத்தில் உயிரோடு இருக்கிறார்கள் அல்லவா, அடகு வைத்தால் தலைக்கு 200 ரூபிள் தேறும் என்பது அவன் திட்டம். முதல் பாகம் 1842-இல் வந்தது. வாங்குவதானால் முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம்.

கே: அவர் காமெடி எழுத்தாளரா, சீரியஸ் எழுத்தாளரா?

ப: அந்த நாவலின் அட்டையை அவரே வரைந்தார். ‘காவியம்’ என்று பெரிதாக எழுதி, சுற்றிலும் புட்டி, கோப்பை, மண்டையோடு எல்லாம் போட்டிருந்தார். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கே: நானும் ஒரு நகைச்சுவை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன் சார். கனமான விஷயம் உள்ளே வந்தாலே சிரிப்பு செத்துவிடுகிறது. கோகோல் எப்படிச் சமாளித்தார்?

ப: நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் சபாக்கேவிச் என்ற பண்ணையார் வருகிறார். செத்தவனுக்குத் தலைக்கு 100 ரூபிள் கேட்கிறார்! சிச்சிக்கோவ் திகைக்க, இவர் சரக்கைப் புகழ ஆரம்பிக்கிறார். மிகேயெவ் செய்த வண்டி மாதிரி எவன் செய்வான், தச்சன் ஸ்தெபான் புரோப்கா எப்பேர்ப்பட்ட பலசாலி என்று அடுக்குகிறார். “அவர்கள்தான் செத்துவிட்டார்களே?” என்றால், “ஆமாம், செத்துத்தான் போனார்கள். இப்போது உயிரோடு இருப்பவர்கள் மட்டும் என்ன பெரிய ஆட்களா?” என்கிற மாதிரி பதில். கடைசியில் இரண்டரை ரூபிளுக்குப் படிகிறது. இதுவரை சுத்தமான நகைச்சுவை.

ஏழாம் அத்தியாயத்தில் சிச்சிக்கோவ் அறையில் தனியாக உட்கார்ந்து அதே பட்டியலைப் பார்க்கிறான். விலை ஏற்றுவதற்காகச் சபாக்கேவிச் எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்கப் படிக்க, அந்த ஆட்கள் அவன் மனதில் எழுந்து நடமாடத் தொடங்குகிறார்கள். புரோப்கா இடுப்பில் கோடாலியோடு ஊர் ஊராக நடந்திருப்பான்; எங்கோ தேவாலய உச்சியில் ஏறித் தவறி விழுந்திருப்பான்; பக்கத்தில் நின்ற கிழவர் தலையைச் சொறிந்து, ‘உனக்கேன்டா இந்த வேலை’ என்று முணுமுணுத்துவிட்டு, தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவன் இடத்துக்கு ஏறியிருப்பார். அந்தக் கயிற்றைப் படித்த பிறகு முந்தைய பேரத்தை அதே மாதிரி சிரித்துப் படிக்க முடியாது. கனத்துக்கென்று கோகோல் தனியாக எதையும் கொண்டுவரவில்லை. நம்மைச் சிரிக்க வைத்த அதே பட்டியல்தான். உங்கள் நாவலில் கனமான விஷயம் வெளியிலிருந்து வருகிறதோ என்னவோ. ஏற்கெனவே எழுதிய ஜோக்குகளுக்குள் தேடிப் பாருங்கள்.

கே: கோகோலை உயிரோடு புதைத்துவிட்டார்களாமே?

ப: இல்லை. உடல் அழுகும் அறிகுறி தெரியும்வரை புதைக்க வேண்டாம் என்று 1847-இல் அவரே அச்சில் எழுதியிருந்தார். 1931-இல் கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை கட்டிவிட்டார்கள்.

கே: இரண்டாம் பாகத்தை ஏன் எரித்தார்?

ப: ஒருமுறை அல்ல. 1845-இல் ஒரு பிரதியை எரித்தார். 1852 பிப்ரவரியில் மாஸ்கோவில் மறுபடி. அதன்பின் பத்து நாள் போல இருந்தார். கடும் விரதம், 42 வயதில் மரணம். சிச்சிக்கோவைத் திருத்தி நல்வழிக்குக் கொண்டுவர நினைத்தார், அது எழுத்தில் கூடிவரவில்லை என்பது என் கட்சி. மிஞ்சிய சில அத்தியாயங்களில் பெத்துக் என்ற சாப்பாட்டுராமன் இரவில் சமையல்காரனிடம் மறுநாள் பூரணம் வைத்துச் சுடும் நாலு மூலைப் பண்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் என்ன வைப்பது என்று உத்தரவு போடுகிறான், சுவருக்கு அந்தப் பக்கம் சிச்சிக்கோவுக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே கோகோல் முழுசாக இருக்கிறார். அப்புறம் கொஸ்தான்ஷோக்லோ என்ற முன்மாதிரிப் பண்ணையார் வந்து விவசாய லாபம் பற்றி உபதேசம் செய்கிறார். எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

கே: அநியாயம் ஐயா. எரிந்ததில் என்ன இருந்தது என்று தெரியாமலே தோல்வி என்கிறீர்கள். பாதிரியார் மத்வேய் மிரட்டியதால்தானே எரித்தார்?

ப: பாதிரியாரின் அழுத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1845-க்கும் அவரைக் காரணம் காட்ட முடியாது. எரியாத சாட்சி ஒன்றும் இருக்கிறது. 1847-இல் கோகோல் தன் கடிதங்களிலிருந்து தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பண்ணையாருக்கு அறிவுரை, ஆளுநரின் மனைவிக்கு அறிவுரை, சிரிப்பு மருந்துக்கும் இல்லை. விமர்சகர் பெலின்ஸ்கி கொதித்துப்போய் எழுதிய பதில் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்ததும் ஒரு குற்றமாகச் சேர்ந்துதான் தஸ்தயேவ்ஸ்கி 1849-இல் மரண தண்டனை பெற்று, கடைசி நிமிடத்தில் சைபீரியாவுக்குப் போனார்.

கே: (அதே நண்பர்) பெலின்ஸ்கிக்கு அரசியல் கோபம். அதை வைத்து இலக்கியத்தை அளக்கலாமா? சிரிக்க வைப்பவன் கடைசிவரை சிரிக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

ப: பெலின்ஸ்கி விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. கோகோலைச் சமூகச் சீர்திருத்தக்காரராகப் பார்த்து ஏமாந்தவர் அவர். ஆனால் இரண்டாவது கேள்வியை என் மேல் ஏற்றாதீர்கள். அவருடைய ‘மேல்கோட்டு’ கதையும் 1842-இல் வந்ததுதான். அலுவலகமே சேர்ந்து ஒரு குமாஸ்தாவைக் கேலி செய்கிறது. புதிதாகச் சேர்ந்த இளைஞனும் சிரிக்கிறான், சட்டென்று நிறுத்துகிறான். ‘நான் உன் சகோதரன்’ என்று அந்தக் குமாஸ்தா சொல்வது போல அவனுக்குக் கேட்கிறது. இதைவிட சீரியஸாக என்ன வேண்டும்? அவன் சிரித்துக்கொண்டிருந்ததால்தான் அது சுடுகிறது. கோகோலால் சீரியஸாக எழுத முடியாது என்று நான் சொல்லவில்லை. சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத முடியவில்லை.

கே: (அதே நண்பர்) நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ப: சரி.

கே: கோகோல் ரஷ்யரா, உக்ரைனியரா?

ப: பிறந்தது உக்ரைனின் போல்தாவா பகுதி, எழுதியது ரஷ்யனில். மிச்சச் சண்டையை வரலாறு தெரிந்தவர்களிடம் போடுங்கள்.

கே: ஏன் எரித்தார் என்று சொல்ல முடியுமா?

ப: மேலே பாருங்கள்.

கே: சவப்பெட்டியைத் திறந்தபோது உடல் புரண்டிருந்ததாக வீடியோவில்...

ப: இல்லை. அடுத்தது.

கே: முதல் பாகம் மட்டும் படித்தால் போதுமா? சுருக்கப் பதிப்பு ஒன்று கையில் இருக்கிறது.

ப: முதல் பாகம் போதும். அந்தப் பதிப்பில் ஏழாம் அத்தியாயத்துப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘கதைக்கு அவசியமில்லை’ என்று எவருக்கும் கத்தரிக்கத் தோன்றும் இடம் அது. புரோப்கா இல்லையென்றால் வேறு பதிப்பு வாங்குங்கள்.