கட்டிட ஒலியியலில் மாணவர் விருதுகள்: கேட்டவையும் பதில்களும்

அமெரிக்காவில் எம்.ஆர்க் (கட்டிடக்கலை முதுகலை) சேர்ந்திருக்கிறேன். நியூமன் பதக்கத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

கட்டிட ஒலியியலில் சிறந்து விளங்கும் மாணவருக்குத் தருவது அது, நீங்களாக விண்ணப்பிக்கும் பதக்கம் இல்லை. திட்டத்தில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளில் ஆசிரியர்களே தகுந்த மாணவரைத் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் உங்கள் துறையில் ஒலியியல் நடத்துபவரைப் போய்ப் பாருங்கள்.

யார் இந்த நியூமன்?

ராபர்ட் பிராட்ஃபோர்ட் நியூமன். எம்.ஐ.டி.யிலும் ஹார்வர்டிலும் கட்டிடக்கலை மாணவர்களுக்கு ஒலியியல் சொல்லிக்கொடுத்தவர். போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்ற ஒலியியல் ஆலோசனை நிறுவனத்தின் மூன்றாவது பெயர் இவருடையது. 1983இல் காலமானார், 1985இல் அவர் நினைவாக மாணவர் நிதி தொடங்கியது. பதக்கம் தருவது அந்த நிதிதான்.

நான் இயற்பியல் மாணவன். வரைபடம் போடத் தெரியாது. எனக்கு இடமுண்டா?

உண்டு. அமெரிக்க ஒலியியல் சங்கம் நடத்தும் வடிவமைப்புப் போட்டிக்குத்தான் வரைபடம் வேண்டும். அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் சிறந்த மாணவர் கட்டுரைக்குத் தனி விருது இருக்கிறது. அங்கே அளவீடும் வாதமும்தான் பேசும்.

என்ன தலைப்பு எடுத்தால் பரிசு கிடைக்கும்?

இப்படித் தொடங்குவதே தப்பு என்பேன். பெரிய இசையரங்கத்தின் கணினி மாதிரி செய்து வண்ணப்படம் காட்டுவதைவிட, ஒரே ஓர் அறையில் ஒரே ஒரு கேள்வியை விடாமல் துரத்துவது மேல். ஹார்வர்ட் இயற்பியலாளர் வாலஸ் சபைன் செய்தது அதைத்தான். 1895இல் ஹார்வர்டின் ஃபாக் விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. காலிக் கூடத்தில் ஒரு சத்தம் அடங்கவே ஐந்தரை விநாடி ஆகும். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தைக் குறித்தார். அதில் பிறந்ததுதான் நாம் இன்றும் போடும் கணக்கு: எதிர்முழக்க நேரம் (சத்தம் 60 டெசிபல் குறைய ஆகும் விநாடிகள்) = 0.161 × அறையின் கன அளவு (கன மீட்டரில்) ÷ மொத்த உட்கவர்ச்சி (அறையின் பரப்புகளும் பொருட்களும் ஒலியை உறிஞ்சும் அளவு, சதுர மீட்டரில்). அதை நம்பி எழுந்த பாஸ்டன் சிம்ஃபொனி ஹால் 1900இல் திறந்தது.

உங்கள் வகுப்பறையையே எடுங்களேன். 8 × 6 × 3 மீட்டர் என்றால் 144 கன மீட்டர். வெற்றுச் சுவரும் சிமென்ட் தரையுமாக உட்கவர்ச்சி 12 சதுர மீட்டர்தான் என்று வைத்துக்கொண்டால், எதிர்முழக்கம் 1.9 விநாடி வருகிறது. இந்த அளவு வகுப்பறைக்கு அமெரிக்கத் தரம் கேட்பது 0.6. அந்த இடைவெளியைக் குறைந்த செலவில் எப்படி மூடுவது? சன்னலைத் திறந்தால் எதிர்முழக்கம் குறையும், தெரு இரைச்சல் கூடும், எதை விடுவது? நல்ல கட்டுரைக்கு இதுவே போதும்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே?

உடைத்துச் சத்தம் எழுப்ப ஒரு பலூனும் சுமாரான ஒலிவாங்கியும் இருந்தால் தொடங்கலாம். 60 டெசிபல் முழுதாகக் குறைவதைப் பிடிக்க முடியாது, மின்விசிறி இரைச்சல் விடாது. 20 அல்லது 30 டெசிபல் சரிவை அளந்து, 60க்கு நீட்டிக் கணக்கிடுங்கள். அப்படிச் செய்ததைக் கட்டுரையில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஏதாவது உண்டா?

தியோடர் ஷுல்ட்ஸ் நல்கை. கற்பிக்கும் பொருட்களை உருவாக்குவதற்கானது. நியூமன் நிதியோடு சேர்ந்தே நடக்கிறது.