வாசகர் கேள்விகள்: கம்பைலருக்கு பார்சரைக் கையால் எழுதுவதா, கருவியிடம் கொடுப்பதா?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் லெக்ஸ், யாக் வைத்து ஒரு கால்குலேட்டர் செய்யச் சொன்னார்கள். ஐடி வேலையில் இருக்கும் என் அண்ணன், "இதையெல்லாம் இப்போது எந்த கம்பெனியும் தொடுவதில்லை, பெரிய கம்பைலர்கள் எல்லாமே கையால் எழுதியவை" என்கிறார். அப்படியென்றால் இதை ஏன் படிக்க வேண்டும்?
- கணினி அறிவியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில் மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்கு மாற்றித் தருவது கம்பைலர், அதில் நிரலின் இலக்கண அமைப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதி பார்சர். நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதியை லெக்ஸ் உருவாக்கும். இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரை உருவாக்கித் தரும் ஜெனரேட்டர்கள்தான் யாக்கும், அதன் வழிவந்த பைசனும். அண்ணன் சொல்வது சி, சி++ பக்கம் சரி. சி, சி++ கம்பைலரான ஜிசிசி பல வருடங்கள் பைசன் உருவாக்கித் தந்த பார்சரில்தான் ஓடியது. 2004-ல் வந்த 3.4 பதிப்பில் சி++ பார்சரையும், 2006-ல் வந்த 4.1 பதிப்பில் சி பார்சரையும் கையால் எழுதி மாற்றினார்கள். இன்னொரு சி, சி++ கம்பைலரான கிளாங்கின் பார்சர் ஆரம்பத்திலிருந்தே கையால் எழுதியது. கோ மொழியின் கம்பைலரும் 2016-ல் 1.6 பதிப்பில் யாக்கை விட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. சி மொழியில் 'ஏ * பி;' என்ற வரியைப் பாருங்கள். ஏ ஒரு மாறி என்றால் இது பெருக்கல். ஏ ஒரு டைப்பின் பெயர் என்றால் பி என்ற பாயின்டரின் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியின்) அறிவிப்பு. இலக்கணத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது, முன்னால் எது என்னவாக அறிவிக்கப்பட்டது என்று பார்த்தாக வேண்டும். சி++-ல் இந்தச் சிக்கல் பல மடங்கு. கூடவே, பிழைச் செய்தி. வெறும் 'சின்டாக்ஸ் எரர்' என்று சொல்லாமல் "இங்கே அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது" என்று சொல்ல, கையால் எழுதிய பார்சரில் வசதி அதிகம்.

ஆனால் டேட்டாபேஸ் பக்கம் வாருங்கள். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டின் பார்சரும் இன்றும் பைசன் உருவாக்குவதுதான். எஸ்க்யூலைட்டுக்கு லெமன் என்று சொந்தக் கருவியே இருக்கிறது. ஸ்பார்க் எஸ்க்யூஎல், டிரினோ இரண்டும் ஆன்ட்லர் என்ற இன்னொரு ஜெனரேட்டரை நம்பியிருக்கின்றன. டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் பதிப்புக்குப் பதிப்பு புதுக் கட்டளைகள் சேரும், சேர்ப்பவர்களும் பலர். புது விதி ஒன்று பழைய விதியோடு மோதினால், அதாவது எந்த விதியை எடுப்பது என்று பார்சரால் முடிவெடுக்க முடியாமல் போனால், பைசன் பில்ட் நேரத்திலேயே சொல்லிவிடும். போஸ்ட்கிரஸின் இலக்கணக் கோப்பில் 'எதிர்பார்க்கும் மோதல்கள் 0' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மோதல் வந்தாலும் பில்ட் நின்றுவிடும். கையால் எழுதிய பார்சரில் அதே மோதல் சத்தமில்லாமல், எந்த 'இஃப்' முதலில் வருகிறதோ அதன் பக்கம் சாய்ந்துவிடும். வேலை மிச்சம் என்பதைவிட இந்தக் காவலுக்காகத்தான் நான் ஜெனரேட்டரை விரும்புகிறேன்.

என் குழு செய்வது காப்பீட்டு பிரீமியம் விதிகளுக்கான ஒரு சின்ன மொழி. விதிகளை எழுதுபவர்கள் புரோகிராமர்கள் இல்லை. ஒரே ஆன்ட்லர் இலக்கணக் கோப்பிலிருந்து சர்வருக்கு ஜாவா பார்சரும், பிரவுசரில் ஓடும் எடிட்டருக்கு ஜாவாஸ்கிரிப்ட் பார்சரும் எடுக்கிறோம். எடிட்டர் சரியென்று ஏற்ற விதியை சர்வர் இலக்கணப் பிழை என்று திருப்பி அனுப்பும் சங்கடம் இதில் வராது. கம்பெனிகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது இந்த மாதிரி சின்ன மொழிகளைத்தான். புது சி++ கம்பைலர் எழுதும் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதனால் கால்குலேட்டரோடு நிறுத்தாதீர்கள். அதில் 'இஃப்-எல்ஸ்' சேர்த்துப் பாருங்கள். 'எல்ஸ்' எந்த 'இஃப்'புக்குச் சொந்தம் என்று ஷிஃப்ட்-ரெட்யூஸ் மோதல் (அடுத்த சொல்லையும் சேர்ப்பதா, இதுவரை படித்ததை ஒரு விதியாக முடிப்பதா என்ற குழப்பம்) வரும். பைசனின் 2020-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, கேட்டால், எந்த வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்க முடிகிறது என்று பைசனே உதாரணம் காட்டும். அதைப் படித்துப் புரிந்துகொண்டு இலக்கணத்தைத் திருத்துங்கள். அப்புறம் அதே மொழிக்கு ஒரு பார்சரைக் கையாலும் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுகிறவரை நான் தயங்காமல் எடுப்பேன்.

கேள்வி: பைசன் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதை வைத்து பார்சர் செய்தால் எங்கள் தயாரிப்பின் மூல நிரலையும் வெளியிட வேண்டுமா?
- சிறு மென்பொருள் நிறுவனம் நடத்தும் வாசகர், கோவை

பதில்: வேண்டாம். பைசன் உருவாக்கும் பார்சருக்குத் தனி விதிவிலக்கு உண்டு. உங்கள் விருப்பப்படி எந்த உரிமத்திலும் வெளியிடலாம். அந்த பார்சரில் இருக்கும் பைசனின் நிரலை வைத்து இன்னொரு பார்சர் ஜெனரேட்டர் செய்து விற்பதற்கு மட்டும் இது பொருந்தாது. உருவான கோப்பின் மேல்பகுதியிலேயே அந்தப் பத்தி இருக்கும், உங்கள் வக்கீலிடம் அதைக் காட்டுங்கள். அப்படியும் அவர் தயங்கினால் ஆன்ட்லர் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது, லெமனுக்குப் பதிப்புரிமையே (காப்பிரைட்) கோரப்படவில்லை.