புலிமியா உள்ளவருக்கு மறுத்துப் பேசப் பயிற்சி எதற்கு?

தங்கைக்குப் புலிமியா (அடக்க முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் நோய்), சிகிச்சையில் சாப்பாட்டை விட்டுவிட்டு மறுத்துப் பேசப் பழக்குகிறார்களே, வீண் வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் இல்லை. எனக்கும் புலிமியா இருந்தது. பகலில் யாரிடமும் முகம் சுளிக்க மாட்டேன். சொல்லாமல் விழுங்கிய கோபம் ராத்திரி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆக்ஸ்ஃபோர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் குழு 1990களில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினரிடம் சாப்பாட்டுப் பேச்சையே எடுக்காமல் உறவுச் சிக்கல்களை மட்டும் பேசினார்கள். எண்ணங்களையும் சாப்பாட்டுப் பழக்கத்தையும் நேரடியாக மாற்றப் பார்க்கும் சிபிடி சிகிச்சையை விட மெதுவாகத்தான் பலன் வந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன.

பயிற்சி சின்ன விஷயத்தில்தான் தொடங்கும். கடையில் குறைவாகத் தந்த சில்லறையைக் கேட்டு வாங்குவது மாதிரி. அப்புறம்தான், என் உடம்பைப் பற்றிப் பேசும் பெரியம்மா. என் ஆலோசகர் பெரியம்மாவாக நடிப்பார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் காரத்தோடு. உளவியலாளர் மார்ஷா லினஹன், உணர்ச்சிகளையும் உறவுகளையும் கையாளக் கற்றுத்தரும் டிபிடி சிகிச்சையில் வகுத்த வரிசைப்படி நான் பதில் சொல்ல வேண்டும்: நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, என்ன வேண்டும், அதனால் அவருக்கு என்ன நல்லது.

"பெரியம்மா, வந்ததும் என் உடம்பைப் பத்திச் சொன்னீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கு. இனிமே அந்தப் பேச்சு வேண்டாம். அப்பத்தான் உங்ககூட நிம்மதியா உக்காந்து பேச முடியும்."

அவர் பேச்சை மாற்றினால் திரும்பவும் அதையே சொல்ல வேண்டும். வசனம் சீக்கிரம் வந்துவிட்டது. அசட்டுச் சிரிப்பு இல்லாமல் சொல்வதற்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

ஒன்று கவனியுங்கள். "இன்னும் ரெண்டு இட்லி வேண்டாம்" என்று மறுக்கப் பழக்குவது இதன் நோக்கம் இல்லை. குறிப்பாக, எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் அனோரெக்சியாவில் நோயே மறுப்பதில் கைதேர்ந்தது. "சாப்பிடும்போது பக்கத்துல இரு" என்று கேட்கப் பழகுவதுதான் அவர்களுக்குக் கடினம், தேவையும் அதுதான்.

இது மட்டும் போதாது என்பதும் உண்மை. நேரத்துக்குச் சாப்பிடும் ஒழுங்கு வேண்டும். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி பற்றி மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

வீட்டுப் பெரியவர்களையும் தயார் செய்யுங்கள். தங்கை வாய் திறந்ததும் "ரொம்பத்தான் எதிர்த்துப் பேசுறா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆரம்பத்திலாவது அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.