பதில்: ராடரின் ஆற்றலைக் கூட்டியும் ஏவுகணை தெரியவில்லையா?

இறுதியாண்டுப் போர்க்கப்பல் வடிவமைப்பில் ராடரின் ஆற்றலை இரட்டித்தும், தாழப் பறக்கும் ஏவுகணை 30 கிலோமீற்றருக்கு அப்பால் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ராடரில் பிழையில்லை, பூமி உருண்டை, அவ்வளவுதான். மாலையில் காலிமுகத்திடலில் நின்று பாருங்கள்: விலகிப் போகும் கப்பலின் அடிப்பாகம் முதலில் மறையும், மேலே அடுக்கிய கொள்கலன்கள் பிறகுதான் மறையும். அன்டெனா 25 மீற்றர் உயரத்திலும் ஏவுகணை 5 மீற்றரிலும் இருந்தால் ராடர் அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும்வரை ராடருக்குத் தெரியும் தூரம், ஏறத்தாழ 30 கிலோமீற்றர். செக்கனுக்கு 300 மீற்றர் வேகத்தில் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது 100 செக்கன். இன்னும் தூரம் பார்க்க அன்டெனாக் கம்பத்தை உயர்த்தாதீர்கள், தலைக்கனம் மனிதருக்கே ஆகாது, கப்பலுக்குச் சொல்லவே வேண்டாம்.

வானத்திலிருந்து கண்ணைக் கடன் வாங்குங்கள். அமெரிக்கக் கடற்படையில் ஈ-2டி ஹாக்ஐ என்ற கண்காணிப்பு விமானம் தன் ராடர் அளவீடுகளைக் கப்பல்களுக்கு அனுப்புகிறது. தன் ராடருக்கே படாத இலக்கின்மீதும் கப்பல் ஏவுகணையைச் செலுத்தலாம். வெறும் இலக்குப் பட்டியல் இதற்குப் போதாது. அளவீடுகள் துல்லியமாகவும் தாமதமின்றியும் வர வேண்டும்.

எதிரி அலைவரிசையைக் குழப்பினால் விமானத்துடனான இணைப்பு அறுந்துவிடக்கூடும். ஆகவே சிறிய ராடரையும் குறுந்தூர ஏவுகணைகளையும் கப்பலிலேயே வைத்திருங்கள். ராடர் மாறுவதால் முதலில் கப்பலின் எடைக் கணக்கைத் திருத்துங்கள்.