ஐந்து வருடம் யார் சோறு போடுவது?

கேள்வி: உரிமைத் தொகை, இலவச பஸ், நூறு நாள் வேலை என்று பெண்களுக்கு அரசாங்கம் இவ்வளவு கொடுக்கிறது. இன்னமும் வழியில்லை என்பது சோம்பேறித்தனம்தானே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கிடையாது. கணவன் விட்டுவிட்டுப் போய், கைக்குழந்தையோடு நிற்கும் 25 வயதுப் பெண்ணை நினைத்துக்கொண்டு உங்கள் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள்.

கைவிடப்பட்ட பெண்களுக்குத் தமிழக அரசு மாதம் 1,200 ரூபாய் தருகிறது. ஆனால் வயது 30 ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தோ கோர்ட் சான்றோ வேண்டும்; இல்லாவிட்டால் அவன் போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். சரி, அந்த ஐந்து வருடத்தையும் எப்படியோ ஓட்டிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். மனு போட்டால் வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவார். அக்கம்பக்கத்தில்தான் கேட்பார். 'அவன் அப்பப்ப வந்துட்டுப் போறான் போல' என்று எதிர்வீட்டில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், மனு அங்கேயே படுத்துவிடும். அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசும் தெருவே அவளுக்குச் சாட்சியும் சொல்ல வேண்டும். 'அவர் வெளியூர்ல வேலை பார்க்கிறார்' என்று இத்தனை நாள் சொல்லி மானத்தைக் காப்பாற்றி வந்தவள், தாலுகா ஆபீஸில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பாள்? மனுவே போடாத பெண்கள் எத்தனையோ பேர்.

உரிமைத் தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான். இவள் பெயர் இன்னும் மாமியார் வீட்டுக் கார்டில் இருக்கிறது. நூறு நாள் வேலை கிராமப் பஞ்சாயத்துகளுக்கு உரியது, உங்கள் ஊர் டவுனுக்குள் குடியிருப்பவளுக்கு இல்லை. டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு மிச்சமாவது பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த பஸ்ஸில் ஏறி ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போனால், 'வீட்டுக்காரர் என்ன பண்றார்?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேலை கிடைத்தாலும் கடை அடைத்து வீடு வந்து சேர ராத்திரி பத்தாகும். அதுவரை குழந்தையை யாரிடம் விடுவது? அப்புறம் வீட்டு ஓனர் கூப்பிட்டு, 'நேரங்கெட்ட நேரத்துல வர்ற பொம்பளைக்கு இங்க சரிப்படாதும்மா' என்பார். தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தாலே பலர் வீடு தருவதில்லை.

உங்கள் மாடி காலியாக இருந்தால் இப்படி ஒரு பெண்ணுக்கு வாடகைக்குக் கொடுங்கள். வி.ஏ.ஓ. வந்து கேட்டால், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.